எட்டுப் பேருக்கு ரெண்டு ரூம்

கேரளத்து முதலமடையில் அப்புசாமி வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. பழனிக்குப் போனாலும் சரி, பொள்ளாச்சிக்குத் துணி எடுக்கப் போனாலும் சரி, கிளம்புகிறவர்கள் வீட்டில் இருக்கிறவர்களைப் பார்த்து "நீங்களும் வாங்க" என்று ஒரு வார்த்தை சொல்லவேண்டும். இருக்கிறவர்கள் "நாங்க எங்கீங்க வர்றது, நீங்க போயிட்டு வாங்க" என்று ஒரு வார்த்தை சொல்லவேண்டும். இரண்டுமே பொய் என்பது இரண்டு பக்கத்துக்கும் தெரியும். கூப்பிடாமல் போனால்தான் குற்றம். கூப்பிட்டதற்காக யாரும் செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிட மாட்டார்கள். அந்த வீடு இத்தனை வருஷம் உடையாமல் நிற்பதற்கு இந்த மாதிரிப் பொய்கள்தான் முட்டுக்கொடுத்துக் கொண்டிருந்தன.

அதனால்தான், சாப்பிடும்போது ஆனந்தகுமார் தன் அம்மாவிடம், "கப்பலுக்கு நீங்களும் வாங்களேம்மா" என்றபோது அவன் மனைவி யோகப்பிரியா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. மாமனார் அப்புசாமிக்கு ரசம் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"செரி, போலாம்" என்றாள் கருப்பாத்தாள்.

ரசம் தட்டை விட்டு வெளியே போயிற்று.

"நா எப்பப் போயிக் கடலப் பாத்தேன்? காலு நல்லா இருக்கறப்பவே பாத்துப்போட்டா ஆச்சு" என்று கருப்பாத்தாள் மோரை எடுத்துக்கொண்டாள். அப்புசாமி தலையை ஆட்டினார். "அப்பறம் செல்வியையும் மாப்பிள்ளையையும் உட்டுப்போட்டுப் போனா நல்லாருக்குமா? அவங்களுக்கும் ஒரு போனப் போட்டுரு."

உடுமலையில் கட்டிக்கொடுத்த மகள் செல்வப்பிரியாவும் கூப்பிட்ட உடனே சரி என்றாள். அவள் புருஷன் பூபதிராஜா, அவர்களுடைய பையன் ஒன்று, பெண் ஒன்று. ஆகமொத்தம் இரண்டு பேர் போவதாக இருந்த கப்பலுக்கு எட்டுப் பேர் ஆகிவிட்டார்கள்.

கப்பலில் போகவேண்டும் என்று யோகப்பிரியா ஆசைப்படவே இல்லை. அவளுக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு பதில். கேரள அரசாங்கப் பரீட்சையை மூன்று தடவை எழுதி, மூன்றாவது தடவை ரேங்க் வாங்கி, அவளுக்குத் தமிழ் மீடியம் டீச்சர் வேலை கிடைத்திருந்தது. இடம் இடுக்கியில், சூரியநெல்லிப் பக்கம், தேயிலைத் தோட்டத்தை ஒட்டிய சின்னப் பள்ளிக்கூடம். முதலமடையிலிருந்து தினம் போய்வருகிற தூரமில்லை. அங்கேயே வீடு பிடித்துத் தங்கவேண்டும். சேருவதற்குக் கடைசி நாள் பூஜை விடுமுறை முடிந்த திங்கட்கிழமை. அவளுக்கு வயது முப்பத்தெட்டு. இதை விட்டால் அடுத்த ரேங்க் லிஸ்ட் வருவதற்குள் வயது தாண்டிப் போய்விடும். மகன் கோயம்புத்தூரில் ஹாஸ்டலில் இருந்து நீட்டுக்குப் படிக்கிறான், விடுமுறைக்குக்கூட வருவதில்லை. அவள் இல்லையென்றால் பசியோடு நிற்கப்போகிறவர்கள் என்று அந்த வீட்டில் யாருமில்லை. சமையலுக்கு ஆளே இருந்தது.

விஷயம் தெரிந்தவன் ஆனந்தகுமார் ஒருவன்தான். ஒன்றரை மாதம் முன்பு சொன்னபோது அவள் கையைப் பிடித்துக்கொண்டு சந்தோஷப்பட்டான். பிறகு குரலைத் தணித்துக்கொண்டான்.

"அப்பாகிட்ட நாஞ் சொல்லிக்கறேன். நீ வாயத் தொறக்காத. மொதல்ல நாம ரெண்டு பேரு மட்டும் எங்கயாச்சும் போயி, நிதானமாப் பேசி ஒரு முடிவுக்கு வந்தர்லாம். இந்த ஊட்ல பேச முடியுமா?"

அது உண்மைதான். அந்த வீட்டில் வாசலில் மாந்தோப்புக் குத்தகைக்காரர்கள், பின்கட்டில் மருந்தடிக்கிற ஆட்கள், கூடத்தில் மாமனார், அடுப்படியில் மாமியார். படுக்கையறைக் கதவைச் சாத்தினால் "உள்ள ஆரு?" என்று யாராவது தட்டுவார்கள். கப்பலைக் கண்டுபிடித்ததும் அவன்தான். கொச்சியில் ஏறினால் லட்சத்தீவுப் பக்கம் போய், நான்காம் நாள் காலையில் திரும்பிவிடலாம். "போனுகூட எடுக்காது" என்று படத்தைக் காட்டினான். அவளுக்கு மனசு நிறைந்துவிட்டது.

அம்மா சரியென்று சொன்ன அன்றைக்கு ஆனந்தகுமார் கட்டிலில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். "ஒப்புக்குத்தானே கூப்புட்டேன். இப்புடி வந்துருவாங்கன்னு நாங் கண்டனா?" என்றான். பாவமாக இருந்தது. அவள்தான் அவன் முதுகைத் தடவிக்கொடுத்தாள். "உடுங்க. கப்பலு அத்தாம் பெருசு இருக்குது. எங்கயாச்சும் ஒரு மூலையில நின்னு பேசிக்கலாம்" என்று தேற்றினாள்.

டிக்கெட் போடுகிற வேலையை மாப்பிள்ளை பூபதிராஜா எடுத்துக்கொண்டார். நாலு நாலு பேர் படுக்கிற மாதிரி ரெண்டு ரூம். எப்படிப் பிரிப்பது என்று அவர் கேட்டதற்கு அப்புசாமி, அதில் கேட்க என்ன இருக்கிறது என்பது போலப் பார்த்தார். பொம்பளைகள் ஒரு ரூம், ஆம்பளைகள் ஒரு ரூம். கல்யாண மண்டபத்துக்குப் போனால் அப்படித்தானே படுக்கிறோம். பதினெட்டு வருஷத்தில் புருஷனோடு முதன்முதலாக வெளியே கிளம்பிய யோகப்பிரியாவுக்கு மாமியாரோடும் நாத்தனாரோடும் நாத்தனார் மகளோடும் இடம் கிடைத்தது.

வியாழக்கிழமை சாயங்காலம் கொச்சித் துறைமுகத்தில் வரிசையில் நிற்கும்போதே, பேச ஒரு மூலைகூடக் கிடைக்காது என்று அவளுக்குத் தோன்றிவிட்டது. கப்பல் பெரிதுதான், ஜனம் அதைவிடப் பெரிது. பூஜை விடுமுறைக்குக் கேரளமும் தமிழ்நாடும் குடும்பம் குடும்பமாகப் புறப்பட்டு வந்திருந்தன. உள்ளே நுழைந்ததும் ஒலிபெருக்கியில் ஒருவன், ஓர் இடம்கூடக் காலியில்லை என்று மூன்று பாஷையில் பெருமையாகச் சொன்னான். பணத்தைக் கொடுத்துவிட்டு நசுங்கப்போகிறவர்கள் அதற்குக் கைதட்டினார்கள்.

வரிசையில் நின்றபோதே அவளுக்கு ஒரு போன் வந்தது. சூரியநெல்லிப் பள்ளிக்கூடத்து ஹெட்மாஸ்டர் வேதமுத்து.

"டீச்சர், திங்கக்கெழம வந்துருவீங்கள்ல? ரெண்டாங்கிளாசு பிள்ளைகளுக்கு நாலு மாசமா ஆளே இல்ல. நாந்தான் ரெண்டு கிளாசயும் ஒண்ணா உக்கார வச்சுப் பாத்துக்கிட்டுக் கெடக்கேன். நீங்க வரலேன்னா அடுத்த ஆளப் போட ஒரு வருசம் இழுத்துருவாங்க. வீடுகூடப் பக்கத்துலயே சொல்லி வச்சிருக்கேன்."

"வந்தர்றனுங்க சார்" என்று அவள் வாய் சொல்லிவிட்டது. சொன்ன பிறகுதான் பக்கத்தில் மாமியார் நிற்பதைப் பார்த்தாள். கருப்பாத்தாள் கப்பலை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர்களுடைய ரூமுக்கு ஜன்னல் இல்லை. இரண்டு கட்டில் கீழே, இரண்டு கட்டில் மேலே. ஒருத்தி பெட்டியைத் திறந்தால் மற்ற மூன்று பேரும் கட்டிலில் காலைத் தூக்கிக்கொள்ளவேண்டும். முதலமடையில் மாங்காயைப் பெட்டியில் அடுக்கும்போது ஒன்றோடொன்று உரசாமல் நடுவில் வைக்கோலாவது வைப்பார்கள். இங்கே அதுவும் இல்லை.

கப்பல் புறப்பட்டபோது அவள் மேல்தளத்துக்கு ஓடினாள். கைப்பிடிக் கம்பியை ஒட்டி மூன்று வரிசை ஜனம். நடுவே ஆனந்தகுமாரின் தலை தெரிந்தது. குழந்தைகளையும் பைகளையும் விலக்கி, "கொஞ்சம் வழி உடுங்க" என்று கெஞ்சி, வியர்த்து வழிய அவன் பக்கத்தில் போய்ச் சேர்ந்தாள்.

"ஏனுங்க, அந்த விசயம்..."

அதற்குள் ஒரு மலையாளத்துக்காரர் தன் போனை நீட்டினார். குடும்பத்தோடு ஒரு படம் வேண்டுமாம். ஆனந்தகுமார் சந்தோஷமாக வாங்கிக்கொண்டான். அவர்களுக்கு எடுத்து முடித்ததும் பக்கத்துக் குடும்பம், அதற்கடுத்து ஒரு புதுமணத் தம்பதி. கேட்காதவர்களிடம்கூட இவனே "எடுக்கட்டுங்களா?" என்று போனான். இருட்டிவிட்டது. பூபதிராஜா வந்து, "மச்சான், கீழ சாப்பாட்டுக்கு வரிசை ஆரம்பிச்சுருச்சு" என்று தோளில் கைபோட்டு இழுத்துப்போனார். இவனுக்கு எவ்வளவு உதவும் மனசு என்று அன்றைக்கும் யோகப்பிரியா நினைத்துக்கொண்டாள். நல்ல பெண்களுக்குப் புத்தி அப்படித்தான் வேலை செய்யும்.

மறுநாள் விடிகாலையில் மேல்தளத்துக்கு வரச்சொல்லி முந்தின நாளே காதில் போட்டிருந்தாள். அந்த நேரத்துக்கு யார் வரப்போகிறார்கள்? போனால், அங்கே பாயை விரித்து ஐம்பது அறுபது பேர் மூச்சுப்பயிற்சி செய்துகொண்டிருந்தார்கள். அவர்களைச் சுற்றி ஓடுகிறவர்கள், நடக்கிறவர்கள், சூரியன் வருவதைப் போனில் பிடிக்கக் காத்திருக்கிறவர்கள். ஆனந்தகுமார் சொன்ன நேரத்துக்கு வந்தான். ஆனால் அப்பாவையும் கூட்டிக்கொண்டு வந்தான்.

"அப்பாவும் முழிச்சுட்டாரு" என்றான், அவள் முகத்தைப் பார்க்காமல்.

அப்புசாமி துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு, "என்ன அம்மிணி, தூக்கம் புடிக்கலியா?" என்று கேட்டார். அவருக்கு ஒன்றும் தெரியாது. மூவரும் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கடல் அத்தனை விரிந்து கிடந்தது. அதில் ஒரு ஆள்கூட இல்லை என்பது அவளுக்கு எரிச்சலாக இருந்தது.

மத்தியானம் லிப்டில் மாட்டினான். பன்னிரண்டு பேர் ஏறவேண்டிய இடத்தில் பதினைந்து பேர். அவனுடைய சட்டைப் பொத்தான் அவள் நெற்றியில் அழுந்தியது. இத்தனை நெருக்கத்தில் அவனைப் பார்த்து எத்தனை நாளாயிற்று என்று நினைக்க அவளுக்கே சிரிப்பாக இருந்தது. எட்டிக் காதருகே கேட்டுவிட்டாள்.

"என்ன முடிவு பண்ணுனீங்க?"

"இங்கயா?" என்றான் திகைத்துப்போய். பின்னால் நின்ற ஒரு பெரியவர் மரியாதைக்காக வேறு பக்கம் திரும்ப முயன்றார், திரும்ப இடமில்லை. "சாயங்காலம் எட்டாவது மாடியில புஸ்தக ரூமு இருக்குதல்ல, அங்க வந்தர்றேன். சத்தியமா வர்றேன்."

புத்தக ரூமில் புத்தகம் இரண்டு அலமாரிக்கு இருந்தது. மிச்ச இடமெல்லாம் சீட்டுக்கட்டு. சோபாக்களில் குழந்தைகள் வாயைத் திறந்துகொண்டு தூங்கின. யோகப்பிரியா சுவரில் சாய்ந்து நின்றாள். என்ன கேட்கவேண்டும் என்பதை மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். நீங்க கூட வரோணும்னு இல்லீங்க. சனிக்கெழமை சனிக்கெழமை நா வந்தர்றேன். போயிட்டு வான்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதுமுங்க. சீட்டாடுகிற கும்பல் இரண்டு தடவை மாறியது. அவன் வரவில்லை.

தேடிக்கொண்டு போனாள். நீச்சல்குளத்தில் தண்ணீரைவிட ஜனம் அதிகமாக இருந்தது. அதன் கரையில் காலைத் தொங்கவிட்டுக்கொண்டு ஆனந்தகுமார் மாப்பிள்ளையோடு உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்தான். நன்றாகவே பார்த்தான். உடனே குனிந்து, குளத்தில் நின்ற தங்கை மகனிடம் ஏதோ கேட்க ஆரம்பித்துவிட்டான். சே, கவனித்திருக்க மாட்டான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அன்றைக்கும் அடுத்த நாள் மத்தியானம் வரையிலும் அதையே சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

சனிக்கிழமை பிற்பகலில் ரூமில் செல்வப்பிரியா தலை துவட்டிக்கொண்டிருந்தாள். மாமியார் குளிக்கப் போயிருந்தாள். அடுத்தது யோகப்பிரியாவின் முறை. மாற்றுத்துணியை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

"அண்ணி, எங்க மேல கோவமுங்களா?" என்றாள் செல்வப்பிரியா. "வந்ததுல இருந்து உங்க மொகமே செரியில்லீங்க."

"அதெல்லாம் ஒண்ணுமில்ல செல்வி."

"இல்லீங்க, நீங்க ரெண்டு பேரும் போறதுல நாங்க எதுக்குன்னு நானே சொன்னனுங்க. அண்ணந்தா உடுல. நாலு தடவ போனு. கண்டிப்பா வரோணும் செல்வி, அம்மாகிட்டவும் சொல்லி வெச்சிருக்கறேன், நாங் கூப்புட்டதுமே செரின்னு சொல்லிப்போடுங்கன்னு. அம்மாளுக்குத் தண்ணியக் கண்டாலே பயமுங்க, அண்ணந்தா சொல்லிச் சொல்லி வரவெச்சுது."

"எப்பக் கூப்புட்டாரு?"

"டிக்கெட் பாக்கறதுக்கு முன்னாலயேங்க." செல்வப்பிரியா துண்டை உதறினாள். "தனியாப் போனா உங்க அண்ணி எதையாச்சும் கேப்பா, மொகத்தப் பாத்து இல்லீன்னு சொல்ல என்னால முடியாது, நாலு பேரு கூட இருந்தாக் கேக்கமாட்டான்னு சொல்லுச்சு. நகை கிகை கேட்டீங்களாக்குமுன்னு நெனச்சேன். ஏனுங்கண்ணி, என்னங்க?"

யோகப்பிரியா மாற்றுத்துணியை எடுத்துக்கொண்டு எழுந்தாள். மாமியார் வெளியே வந்ததும் குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டாள். அந்தக் கப்பலில் தனியாக நிற்க அவளுக்குக் கிடைத்த ஒரே இடம் அதுதான். கையை விரித்தால் இரண்டு பக்கமும் இடித்தது. அவன் ஏமாற்றியதைக்கூட அவளால் தாங்க முடிந்தது. ஆனால் கட்டிலில் உட்கார்ந்து அவன் முதுகைத் தடவித் தேற்றினாளே, அதை நினைத்தபோது உடம்பெல்லாம் கூசியது. முடியாது என்று முகத்துக்கு நேரே சொல்லியிருந்தால் இரண்டு நாள் சண்டை போட்டிருப்பாள், நாலு நாள் அழுதிருப்பாள். அந்த ஒரு வார்த்தைக்குப் பயந்துகொண்டு ஒருத்தன் ஆறு பேரைக் கூட்டிக் கப்பலேற்றியிருக்கிறான். ஓ என்று கத்தவேண்டும் போல இருந்தது. குழாயைத் திறந்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

"எத்தன நேரம் அம்மிணி? இங்க புள்ளைக்கு அவசரம்" என்று கருப்பாத்தாள் கதவைத் தட்டினாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கொச்சி தெரிய ஆரம்பித்தது. ரூமைச் சீக்கிரம் காலி செய்யச் சொல்லிவிட்டதால் கப்பலில் இருந்த அத்தனை பேரும் பெட்டியும் பையுமாகச் சாப்பாட்டு ஹாலில் வந்து விழுந்தார்கள். எட்டு நாற்காலி உள்ள ஒரு மேஜையைப் பூபதிராஜா எப்படியோ பிடித்துவிட்டார். இடம் கிடைக்காதவர்கள் தட்டோடு ஒவ்வொரு நாற்காலிக்குப் பின்னாலும் நின்று, உட்கார்ந்திருக்கிறவர்களின் கடைசி வாய்க்காகக் காத்திருந்தார்கள். யோகப்பிரியாவின் முதுகுக்குப் பின்னாலும் ஒரு மலையாளத்து அம்மாள் வந்து நின்றாள்.

ஆனந்தகுமார் அன்றைக்கு நல்ல உற்சாகத்தில் இருந்தான். கரை தெரிந்துவிட்டதல்லவா. எல்லாருக்கும் சட்னி கொண்டுவந்து வைத்தான், தங்கை மகளுக்கு ஜூஸ் கொண்டுவந்தான். யோகப்பிரியாவைப் பார்த்து, "நீ ஏன் சாப்புடாம இருக்கற?" என்று அக்கறையாகக்கூடக் கேட்டான்.

அவள் மாமனாரைப் பார்த்துத் திரும்பினாள்.

"மாமா, ஒரு விசயமுங்க. எனக்கு டீச்சர் வேலை கெடச்சிருக்குதுங்க. கவர்மெண்டு வேலை. சூரியநெல்லியில. நாளைக்குப் போயிச் சேரோணுமுங்க. இல்லாட்டிப் போயிருமுங்க."

பக்கத்து மேஜைகளின் இரைச்சல் அப்படியேதான் இருந்தது. இந்த மேஜையில் மட்டும் கைகள் நின்றன. செல்வப்பிரியா அண்ணனைப் பார்த்தாள். அப்புசாமி இட்லியைத் தட்டில் வைத்தார்.

"இவனுக்குத் தெரியுமா?"

"ஒன்றரை மாசமாத் தெரியுமுங்க."

அப்புசாமி துண்டில் கையைத் துடைத்துக்கொண்டார். பிறகு, யாரும் எதிர்பார்க்காதபடி, "கவர்மெண்டு உத்தியோகம் லேசாக் கெடைக்குமா? நம்மூட்ல இதுவரைக்கும் ஒருத்தரும் வாங்குல" என்றார். "தொலவுதான். ஆனா எனக்கு ஒண்ணும் மறுப்பில்ல. கட்டுனவன் அவன், அவஞ் சொல்லட்டும். என்னடா ஆனந்து?"

ஆனந்தகுமாரின் வாய் நிறைய இட்லி இருந்தது. அதை மென்றான். மென்றுகொண்டே இருந்தான்.

"நீங்க சொல்றதுதானுங்கப்பா" என்றான் கடைசியில்.

"நாஞ் சொல்லிப்போட்டேன். நீ என்ன சொல்ற?"

"அம்மாளுக்கும் ஒடம்புக்கு..."

"எனக்கென்னடா ஒடம்புக்கு? கல்லாட்ட இருக்கறேன்" என்றாள் கருப்பாத்தாள்.

தப்பிக்க அவனுக்கு வேறு ஆள் கிடைக்கவில்லை. மேஜையைச் சுற்றிப் பார்த்தான். பூபதிராஜா தட்டைப் பார்த்தார், குழந்தைகள் வேடிக்கை பார்த்தன. ஆனந்தகுமாருக்கு முகம் வேர்த்துவிட்டது. அவளைப் பார்த்து, குரலைத் தணித்து, மற்றவர்களுக்குக் கேட்கக்கூடாது என்பது போலச் சொன்னான்.

"இத்தன கூட்டத்துல என்ன பேச்சு யோகா? ஊட்டுக்குப் போயித் தனியாப் பேசிக்கலாம்."

யோகப்பிரியா அவனையே பார்த்தாள். கோபம் வரும் என்றுதான் நினைத்தாள். வரவில்லை. பதினெட்டு வருஷமாக இந்த ஆளிடமிருந்தா ஒரு வார்த்தைக்குக் காத்துக்கொண்டிருந்தோம் என்ற கசப்புதான் வந்தது.

"மோளே, கழிஞ்ஞோ?" பின்னால் நின்ற அம்மாள், சாப்பிட்டு முடித்தாயிற்றா என்று தயங்கித் தயங்கிக் கேட்டாள். அவளுக்கும் கால் வலித்திருக்கும்.

"அது எங்க மருமக எடமுங்க, இன்னும் சாப்புடவே இல்ல" என்றாள் கருப்பாத்தாள் அவசரமாக.

"இல்லீங்க, ஆச்சுங்க. நீங்க உக்காருங்க சேச்சி." யோகப்பிரியா எழுந்து நாற்காலியைப் பின்னால் இழுத்துக்கொடுத்தாள். மேஜைக்கு அடியிலிருந்த தன் பெட்டியை எடுத்துக்கொண்டாள். "கப்பல உட்டு எறங்குனதும் நா இப்புடியே மூணாறு பஸ்சுல போறனுங்க மாமா. போயிச் சேந்துட்டுப் போன் பண்றனுங்க."

"போன ஒடனே பண்ணு அம்மிணி" என்றார் அப்புசாமி.

வாசலுக்குப் போவதே பெரும்பாடாக இருந்தது. நாலு அடிக்கு ஒரு தடவை யாராவது தட்டோடு குறுக்கே வந்தார்கள். பாதி தூரத்தில் நின்று ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். பின்னாலேயே எழுந்து வருவான் என்று இன்னமும் அவளுக்குள் யாரோ ஒரு மடைச்சி நினைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். அவன் எழுந்துதான் இருந்தான். புதிதாக வந்து உட்கார்ந்த அம்மாளுக்கு இடைஞ்சலாக இருந்த தட்டை, யோகப்பிரியா தொடாமல் வைத்துவிட்டுப் போன தட்டை, எடுத்து ஓரமாக வைத்துக்கொண்டிருந்தான்.